சைக்கிளுக்குக் கட்டிய காப்பு

சியேனா என்ற ஊரைப் பற்றி என் எதிரில் யாராவது ஆஹா ஓஹோ என்று பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தாலியில் படித்தவள் என்று தெரிந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். அங்கே போனீங்களா, இங்கே போனீங்களா, பழைய ஊர்களெல்லாம் சுற்றிப் பார்த்தீங்களா? பார்த்தேன். ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு ஊர். அந்த இரண்டு நாளில் என் தங்கையின் படிப்பு போயிற்று. அழகான ஊர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

முதலில் எங்கள் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். திருத்தணியிலிருந்து பஸ் ஏறி கே.ஜி.கண்டிகையில் இறங்கி, டீக்கடைப் பக்கத்து ரோட்டில் அரை மணி நேரம் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். நெல், வேர்க்கடலை, தண்ணீர் இருக்கிற வருஷம் கரும்பு. நாங்கள் மூன்று பெண்கள். பெரியக்காவைத் திருத்தணியிலேயே கட்டிக்கொடுத்தார்கள். அவள் வீட்டுக்காரரைப் பாவா என்போம். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். நடுவில் நான். எனக்கு ஆறு வயது இளையவள் தங்கை. அப்பாவை எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் கூப்பிடுவது போல நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவும் இருக்கிறாள். நைனா பேசும் இடத்தில் அம்மா பேசமாட்டாள் என்பதால் இதில் அவளுக்கு வேலை குறைவு. அதற்காகவும் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு.

தங்கைக்குக் கட்டடம் என்றால் பைத்தியம். தெருவில் யார் வீட்டில் செங்கல் இறங்கினாலும் அங்கே போய் நிற்பாள். மேஸ்திரியிடம் இந்த ஜன்னலை ஏன் இங்கே வைக்கிறீங்க என்று கேட்டுத் திட்டு வாங்குவாள். சியேனா என்ற பெயரையே நான் அவள் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். நான் இத்தாலியில் பொலோஞ்ஞா என்ற ஊரில் படிக்க இடம் கிடைத்துக் கிளம்பும்போது, அங்கிருந்து பக்கமாம், நடுவூரில் ஒரு மைதானமாம், கிண்ணம் மாதிரி சரிந்து இறங்குமாம், போனால் அதன் நடுவில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டி கட்டப் போய்விட்டேன்.

நான் போன மறு வருஷம் அவள் பிளஸ் டூ முடித்தாள். கோயம்புத்தூரில் ஒரு காலேஜில் ஆர்க்கிடெக்சர் கிடைத்தது. ஐந்து வருஷம், ஹாஸ்டல் வாசம். நைனா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "ஜாத்திரை முடியட்டும், சொல்றேன்" என்றார். ஜாத்திரை என்பது எங்கள் ஊர் கங்கையம்மனுக்கு ஆடி மாசத்தில் கூழ் ஊற்றுகிற திருவிழா. அது முடிந்த மூன்றாம் நாள் காலேஜில் சேர்ந்தாக வேண்டும்.

நைனா எதைப் பார்த்து முடிவு செய்யப்போகிறார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். என்னைப் பார்த்துத்தான். வெளிநாட்டுக்குப் பெண்ணை அனுப்பியதற்காக ஊரில் பாதிப் பேர் அவரை ஏளனம் செய்திருந்தார்கள். அவரும் விடாமல், "எம் பொண்ணு எங்க போனாலும் நம்ம வழக்கத்த விடாது" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அதாவது, நான் அவருக்குப் பெண்ணாக இருந்தது போதாது. டீக்கடைக்குச் சாட்சியாகவும் இருக்க வேண்டும்.

ஜாத்திரைக்குக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் நூலில் ஒரு துண்டு மஞ்சளை முடிந்து மணிக்கட்டில் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கிற எட்டாம் நாள்வரை ஊர் எல்லை தாண்டி எங்கேயும் ராத்தங்கக் கூடாது. பகலில் போகலாம், வரலாம். படுக்கை மட்டும் ஊருக்குள்ளே. ஜாத்திரைக்கு எங்கள் வீட்டில் வந்து தங்குகிற பாவாகூட, கடைக்கு அவசரமாகச் சாமான் வாங்கச் சென்னைப் பாரிமுனை வரை போனாலும் கடைசி ரயிலைப் பிடித்துத் திரும்பிவிடுவார். அந்த வருஷம் முதல் கூழ்ப்பானை எங்கள் வீட்டுமுறை. பூசாரி வந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார். நைனா என்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வீடியோ காலில் கூப்பிட்டார்கள். போனைப் பாவா பிடித்திருந்தார். எப்போதும் அவர்தான் பிடிப்பார். நைனா முகம் திரையில் வந்தது.

"உனுக்கும் காப்பு கட்டியாச்சிம்மா. எட்டு நாளைக்கி நீ எந்த ஊருல கீறியோ அந்த ஊருலயே படுத்துக்கோ. வெளிய எங்கியும் தங்காத. இன்னா?"

"எனக்கு எதுல நைனா கட்டினீங்க? நான்தான் அங்க இல்லியே."

பாவா போனைத் திருப்பிக் காட்டினார். மாட்டுக்கொட்டாயில் என் பழைய சைக்கிள் நின்றது. பள்ளிக்கூடத்துக்கு நான் ஓட்டிப்போன சைக்கிள். அதன் ஹேண்டிலில், பெல்லுக்குப் பக்கத்தில், மஞ்சள் நூல் கட்டியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

"சிரிக்காத. வாசல்ல வேப்பிலை கட்டு" என்றார் நைனா.

"இங்க வேப்பமரம் கிடையாது நைனா."

"இன்னா மரம் கீதோ அத்த கட்டு. கங்கையம்மா தப்பா எடுத்துக்க மாட்டா."

ஆங் என்றேன். ஹாஸ்டல் வேலியில் ஒரு புதர் இருந்தது. அகலமான, கரும்பச்சை இலை. கிள்ளி முகர்ந்தால் பிரியாணி வாசம் அடிக்கும். இரண்டு கொத்து ஒடித்து அறைக் கதவில் கட்டி, நைனாவுக்குக் காட்டினேன். போனைக் கிட்டே கொண்டுபோகச் சொல்லி, இலையை நன்றாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அம்மனுக்குப் பிரிஞ்சி இலையில் தோரணம் கட்டியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தங்கை தனியாக மெசேஜ் போட்டாள். "சின்னக்கா, எட்டே நாளு. அதுக்கப்பறம் நீ எங்கன்னா போ. ப்ளீஸ்."

அவள் கேட்டது அவ்வளவுதான். எட்டு நாள் ஒரே அறையில் தூங்குவது. நோயாளிகூடச் செய்கிற காரியம்.

என்னோடு படித்தவள் ஒருத்தி லக்னோவிலிருந்து வந்தவள். சனிக்கிழமை சியேனா, ராத்திரி அங்கேயே ஒரு கன்னியாஸ்திரி விடுதியில் தங்கல், ஞாயிறு பக்கத்து ஊரான சான் ஜிமிஞானோ என்று முன்கூட்டியே பதிவு செய்து, என்னையும் சேர்த்திருந்தாள். அடுத்த வாரம் போகலாமே என்று நான் கேட்டிருக்கலாம். சியேனாவைப் பார்த்துவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பியிருக்கலாம். மூன்று மணி நேரத்துப் பயணம். பகலில் போய் வருவதை அம்மனே தடுக்கவில்லை. ஆனால் அவள் காரணம் கேட்டாள். சொன்னேன். "சைக்கிளுக்கா கட்டினார்கள்?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்ததுதான். அவள் சிரித்தபோது மட்டும் எனக்குச் சுருக்கென்றது. அந்த ஆத்திரத்தை அவள்மேல் காட்டியிருக்க வேண்டும். நைனாமேல் காட்டினேன். கடல் தாண்டி வந்த பிறகும் என் படுக்கை எங்கே என்று எண்ணிக்கொண்டிருக்கிற மனுஷன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பையில் துணியை அடைத்தேன். தங்கையின் மெசேஜுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுச் சனிக்கிழமை காலை ரயில் ஏறினேன்.

சியேனாவில் முதல் அரை மணியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மலை. அடிவாரத்தில் வண்டி நிறுத்துமிடம், அங்கே வரிசையாக டூரிஸ்ட் பஸ். கொடி பிடித்த ஒருத்தர் முன்னே போக, பின்னால் ஒரே நிறத் தொப்பியில் நாற்பது பேர். ஏறுகிற தெருவின் இரண்டு பக்கமும் கடை. சாவிக்கொத்து, சாமி படம், மணிமாலை, ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம். கோயிலுக்குள் போக டிக்கெட். சீக்கிரம் போக வேறு டிக்கெட். லக்னோக்காரி தோள் தெரிகிற சட்டை போட்டிருந்தாள் என்று வாசலில் நிறுத்தி, போர்த்திக்கொள்ளக் காகிதத்தில் செய்த துணி ஒன்றைக் கொடுத்தார்கள். கழிப்பறைக்குக் காசு. இத்தனையும் நான் பிறந்ததிலிருந்து பார்த்தது. சாமி பெயர்தான் வேறு.

திருத்தணிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு வெளியூர்க் கூட்டத்தின்மேல் ஒரு கசப்பு உண்டு. ஊர் மரியாதைக்காக வெளியே சொல்லமாட்டோம். கிருத்திகை வந்தால் எங்களுக்குப் பஸ் கிடையாது. காவடியும் கூட்டமுமாக நிரம்பி வழிகிற பஸ், கண்டிகையில் நிற்காமலே போய்விடும். பரீட்சைக்கு லேட்டாகி, சந்தனம் பூசிய மொட்டைத்தலைகள் ஜன்னல் ஜன்னலாகக் கடந்து போவதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எங்கள் ஊர் அவர்களுக்கு ஒருநாள் கூத்து. எங்களுக்கு அதுதான் பிழைப்பு, படிப்பு, எல்லாம். இப்போது சியேனாவின் குறுகலான தெருவில், காய்கறிப் பையோடு வந்த ஒரு அம்மாள், போட்டோவுக்கு வழியை மறித்து நின்ற எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நானே எத்தனையோ முறை அந்தக் கிருத்திகை பஸ்களைப் பார்த்த பார்வை. லக்னோக்காரி அவளைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஒதுங்கி நின்றேன். அந்த அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் திட்டிக்கொண்டு போனாள்.

அந்த மைதானத்துக்கும் போனேன். தங்கை சொன்ன மாதிரியே கிண்ணம் போலச் சரிந்து இறங்கியது. செங்கல் தளம். வெயில் கொதித்தது. ஆட்கள் நடுவில் மல்லாந்து படுத்துக் கிடந்தார்கள். காலில் புதுச் செருப்புக் கடித்துக் கொப்புளம். நடுவில் போய் நின்று அவளுக்காக ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. எடுத்தால் அனுப்ப முடியாது; அனுப்பினால் ராத்திரி எங்கே தங்கினாய் என்ற கேள்வி வரும், மாட்டிக்கொள்வேன். எடுக்காமலே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதான் கூழ் ஊற்றுகிற நாள். ஊரில் மதியம், சியேனாவில் காலை எட்டரை. போன் வருமென்று எனக்குத் தெரியும். அம்மனுக்குத் தீபாராதனை காட்டும்போது எல்லோரும் பார்த்தாக வேண்டும். பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் கதவில் இலை இல்லையே என்று உறைத்தது. வாயில் நுரையோடு முற்றத்துக்கு ஓடினேன். பெரிய மண்தொட்டியில் ஒரு மரம் நின்றது. எந்த மரம் என்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டு கிளையை முறித்தேன். ஒரு கன்னியாஸ்திரி மாடியிலிருந்து பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்தாள். இத்தாலி மொழியில் திட்டு வாங்குவதற்குத் தனியாகப் பாடம் தேவையில்லை. திரும்பிப் பார்க்காமல் மேலே ஓடி, கிளையைக் கதவின் கொக்கியில் செருகினேன். அது ஆலிவ் மரம் என்று பிற்பாடு தெரிந்தது.

போன் வந்தது. மேளச்சத்தம், புகை, கூழ்ப்பானையைச் சுற்றிப் பெண்கள். பாவா போனை உயர்த்திப் பிடித்துச் சாமியைக் காட்டினார். கும்பிட்டேன். பிறகு நைனா வந்தார். வியர்வையில் நெற்றிக் குங்குமம் மூக்கு வரை வழிந்திருந்தது. காலையிலிருந்து பட்டினி. சந்தோஷமாக இருந்தார்.

"எழுந்து குளிச்சியாம்மா?"

"ஆங், குளிச்சேன் நைனா."

"ரூமுலதான கீற?"

"ரூமுலதான் நைனா."

இங்கே நான் நிறுத்தியிருக்கலாம். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் போனைத் திருப்பி, "பாருங்க, இலைகூட அப்படியே கீது" என்று கதவைக் காட்டினேன். கெட்டிக்காரத்தனம். நைனா திரைக்கு இன்னும் கிட்டே வந்து இலையைப் பார்த்தார்.

"சரிம்மா. சாப்புடு" என்றார். போனைப் பாவாவிடம் கொடுத்துவிட்டார்.

தப்பித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு சான் ஜிமிஞானோவுக்குப் பஸ் ஏறினேன். அது கோபுரங்களின் ஊர். அந்தக் காலத்துப் பணக்காரக் குடும்பங்கள் ஒன்றையொன்று தோற்கடிக்க, உன்னைவிட நான் உயரம் என்று வீட்டுக்கு வீடு கல்லில் கோபுரம் கட்டியிருக்கிறார்கள். சுத்தமான பங்காளிச் சண்டை. எங்கள் ஊரில் வரப்புக்கு அடித்துக்கொள்வார்கள், இங்கே ஆகாசத்துக்கு. லக்னோக்காரி ஒவ்வொரு கோபுரத்துக்கும் முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். கொப்புளம் உடைந்து நான் நொண்டினேன். மழை வந்தது. ஒரு கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கியபோது, எதையாவது வாங்கு, இல்லையென்றால் நகரு என்று கடைக்காரர் கையைக் காட்டினார். அவரைச் சபித்துக்கொண்டே நனைந்தேன். அன்று சாயங்காலம் பொலோஞ்ஞா திரும்பி, பிரியாணி வாசம் அடிக்கிற என் கதவைத் திறந்து, என் படுக்கையில் விழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். அன்று சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"நான் திருத்தணியிலயே பி.காம் சேர்றனாம். நைனா சொல்ட்டாரு."

"ஏன்? இன்னா சொன்னாரு?"

"ஒருத்தி போதும்னாரு."

போனை வைத்துவிட்டாள். நைனாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

எனக்கு உடனே பாவாமேல்தான் சந்தேகம் வந்தது. அந்த வீட்டில் போன், வலைத்தளம், யார் எங்கே படம் போட்டார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். லக்னோக்காரி சியேனா படங்களைப் போட்டு என் பெயரையும் சேர்த்திருந்தாள். பாவா பார்த்திருப்பார், நைனாவிடம் போட்டுக்கொடுத்திருப்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் பெரிய மனுஷனாக நடந்துகொள்கிற ஆள். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கினேன். அடுக்க அடுக்க எனக்கு நிம்மதியாக இருந்தது. பழியை வைக்க ஒரு இடம் கிடைத்துவிட்டது.

கூப்பிட்டு, அவர் ஹலோ சொல்வதற்குள் ஆரம்பித்தேன். என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது. மாமனார் வீட்டுச் சோறு, பேடித்தனம், சின்னப்பெண்ணின் வாழ்க்கை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கடையில் ஆட்கள் இருந்தார்கள்போல. தாழ்ந்த குரலில், "நான் எதுவும் சொல்லலம்மா" என்றார். பொய் சொல்லாதீங்க என்று கத்தினேன். பொய்யைப் பற்றி நான் கத்தினேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். அவருடைய எண்ணை பிளாக் செய்துவிட்டேன். அன்றிலிருந்து பெரியக்கா என்னோடு பேசுவதில்லை.

அதற்குப் பிறகு ஒன்றேகால் வருஷம் நான் ஊருக்கு வரவில்லை. படிப்பு, செய்முறை, கட்டுரை என்று காரணம் சொன்னேன். அம்மா மட்டும் வாரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைப்பாள். நைனா என்னைத் தண்டிக்கிறார் என்று நான் நினைத்தேன். நானும் அவரைத் தண்டித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருத்தி தினமும் பி.காம் படித்துக்கொண்டிருந்தாள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே வசதியாக மறந்துபோயிற்று.

படிப்பு முடிந்து வந்தேன். சென்னையிலிருந்து திருத்தணிக்கு மின்சார ரயில். யாராவது ஸ்டேஷனுக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் வரவில்லை. அதற்கும் கோபம் வந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, கண்டிகையில் மதியம் இறங்கினேன். டீக்கடை எதிரில் தங்கை நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். கையில் என் பழைய சைக்கிள்.

"அம்மா அனுப்பிச்சி. பெட்டிய கேரியர்ல வெச்சிக்கோ" என்றாள்.

பெட்டியை ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினாள். அவள் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ள, நான் பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பத்தடி போனதும்தான் பார்த்தேன். பெல்லுக்குப் பக்கத்தில் ஒரு நூல். மஞ்சள் எல்லாம் போய், அழுக்கும் வியர்வையும் ஏறிக் கறுத்து, ஹேண்டிலோடு ஒட்டிக் கிடந்தது. முடிந்திருந்த மஞ்சள் துண்டு மிளகு அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"இன்னும் அவுக்கலியா?" என்றேன்.

"எல்லாரோடதும் அவுத்தாங்க. இத்த தொடக்கூடாதுன்ட்டாரு. யார் காப்போ அவ வந்து அவுக்கட்டும்னாரு." திரும்பாமலே பேசினாள். "நான் தினிக்கும் இதுலதான் பஸ்ஸுக்கு வரேன். கை வெக்கற எடத்துலயே கீது."

காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. ஒன்றேகால் வருஷம். நான் வாயைத் திறந்து முதலில் சொன்னது என்ன தெரியுமா?

"எல்லாம் அந்த பாவாவாலதான்."

அவள் நின்றாள். சைக்கிளும் நின்றது. பெட்டி என் முழங்காலில் இடித்தது.

"பாவா வாயே தொறக்கல. அவருக்கு போட்டோல்லாம் தெரியும், பாத்துட்டு கம்முனு இருந்தாரு. நைனா வேணான்னப்ப ஒரு நாளு பூரா சாப்புடாம நம்ம வூட்ல உக்காந்து எனக்காக சண்ட போட்டாரு. நீ அவர கடையில வெச்சி அசிங்கமா பேசின பாரு, அதுக்கப்பறமும் சண்ட போட்டாரு."

"அப்ப நைனாவுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நீதான காட்டின." இப்போது என்னைப் பார்த்தாள். "மொத நாளு காட்டினது அகல எலையாம். ஞாயித்துக்கெழம காட்டினது சின்ன எல, அடியில சாம்பலா இருந்துச்சாம். மரம் நடக்காது, எம் பொண்ணுதான் நடந்துகீதுன்னாரு. போனாகூட பரவால்ல, போனேன்னு சொல்லியிருந்தா நான் அம்மன்கிட்ட கும்புட்டுக்கினு இருப்பேன், எலய கட்டி எனக்கே காட்டுறா பாருன்னாரு. தூரமா போனா இத்ததான் கத்துக்கறாங்க, ஒருத்தி போதும்னாரு."

நாற்பது வருஷமாக இலையைப் பார்த்துத்தான் அந்த மனுஷன் பிழைக்கிறார். இலையில் ஒரு புள்ளி விழுந்தால் பயிருக்கு என்ன நோய் என்று வரப்பில் நின்றே சொல்லிவிடுவார். அவரிடம் போய் நான் இலையைக் காட்டினேன். அவர் செய்தது அநியாயம் என்று இப்போதும் சொல்வேன்; என் பொய்க்கு என்னைத்தான் அடித்திருக்க வேண்டும், இவளை அல்ல. ஆனால் அடி எங்கே விழும் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் கட்டைவிரல் படம் அனுப்பினேன்.

குனிந்து அந்த முடிச்சைப் பிடித்தேன். நகம் நுழையவில்லை. மழையிலும் வெயிலிலும் இறுகி மரக்கட்டையாகியிருந்தது. பல்லால் கடித்தேன். உப்புக் கரித்தது. டீக்கடையில் ஒரு பிளேடு கேட்டு வாங்கிவரவா என்றேன்.

"கையாலதான் அவுக்கணும். அறுக்கக் கூடாது" என்றாள்.

மறுபடியும் முயன்றேன். அவள் ஹேண்டிலைப் பிடித்தபடி பொறுமையாக நின்றாள். நகம் உடைந்து ரத்தம் வந்தது. மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். அப்போது அவள் கேட்டாள், வேறு ஏதோ பேசுவது போல, மெதுவாக.

"அந்த மைதானம் எப்பிடி இருந்துச்சி சின்னக்கா? நெசமாவே கிண்ணம் மாதிரிதான் எறங்குதா? நடுவுல போயி நின்னியா?"

நல்லாயிருந்தது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்காக ஒரு அழகான ஊரைச் சொல்லியிருக்கலாம். அதற்கும் எனக்கு வாய் வரவில்லை. பொய் சொல்லித்தான் இவ்வளவும் ஆயிற்று, இப்போதாவது உண்மையைச் சொல்வோம் என்று ஒரு வீம்பு.

"நடுவுல நிக்கல. செருப்பு கடிச்சிச்சி. அப்பிடியே வந்துட்டேன்" என்றேன். "அங்க ஒண்ணும் இல்ல. மலையும் கடையும் கூட்டமும். நம்ம திருத்தணி மாதிரிதான்."

அவள் கேரியரின் கயிற்றை அவிழ்த்தாள். அந்த முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி ரோட்டோரம் வைத்தாள். விழாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். என் விரல் இன்னும் நூலில் இருந்தது. அந்த விரலை விலக்கிவிட்டு, சைக்கிளில் ஏறி, வலது கையை அந்த நூலின்மேல் வைத்துக்கொண்டு, ஊர்ப்பக்கம் மிதித்துப் போய்விட்டாள்.

வீட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். பெட்டிச் சக்கரம் மண்ணில் உருளாது. தூக்கிக்கொண்டு நடந்தேன்.